ஆள் எவ்வளவு, ஊர் எவ்வளவு: படத்தில் பின்னணியை முடிவு செய்வது எப்படி?

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் படங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்றில், அகழியோரம் ஆளை நிறுத்திவிட்டு, கோட்டை முழுசாகத் தெரியும்வரை படம் எடுப்பவர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பார். கடைசியில் மதில், அகழித் தண்ணீர், வானம், நடைபாதை, நிறுத்திவைத்த பைக்குகள் எல்லாமே வந்திருக்கும். நிற்பது அத்தையா சித்தியா என்பது விரலால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி. முகம் ஃபிரேமை அடைத்துக்கொண்டிருக்கும், காதோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ கல் தெரியும். அது 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்துக் கருங்கல் மதில் என்று பக்கத்திலிருந்து யாராவது சொன்னால்தான் உண்டு.

இரண்டிலும் கேமராமேல் குற்றமில்லை. பின்னணி எவ்வளவு வேண்டும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. கால் நின்ற இடமும் கை நீண்ட தூரமும் அதை முடிவு செய்துவிட்டன. இந்த முடிவை நம் கைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரிய கேமரா வேண்டியதில்லை. போன் போதும்.

முதலில் நம் கண் செய்யும் தந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிரே நிற்கிறவரைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரையும் கரண்டுக் கம்பியையும் குப்பைத்தொட்டியையும் மூளை ஒதுக்கிவிடுகிறது. அவை கண்ணில் படாமல் இல்லை, கவனத்தில் பதிவதில்லை, அவ்வளவுதான். கேமராவுக்கு அந்த ஒதுக்கல் தெரியாது. அதற்கு உங்கள் அப்பாவின் முகமும் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் சம மரியாதைக்குரியவை. அதனால்தான் எடுக்கும்போது இல்லாத கம்பம், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது தலையில் முளைத்து நிற்கிறது.

பின்னணி என்ன வேலை செய்கிறது?

பின்னணியே வேண்டாம் என்பதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது: பாஸ்போர்ட் போட்டோ. வெள்ளைப் பின்புலம், முகம், முடிந்தது. ஆளை அடையாளம் காண்பது ஒன்றே அதன் வேலை என்பதால் ஊரும் தொழிலும் வீடும் அதில் தேவையில்லை.

மறுகோடிக்கு, புகைப்படம் கற்றுக்கொள்கிறவர்கள் அடிக்கடி பார்க்கும் ஓர் உருவப்படத்தைச் சொல்லலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன் 1946இல் இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்தது. படத்தின் பெரும்பகுதியைத் தூக்கி நிறுத்திய பெரிய பியானோ மூடியின் கறுப்பு வடிவமே பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதர் இடது கீழ் மூலையில், தலையைக் கையில் தாங்கியபடி சிறிதாக இருக்கிறார். பரப்பளவைப் பார்த்தால் பியானோவுக்குத்தான் அதிகம். ஆனாலும் பார்க்கிறவர் மனதில் நிற்பது ஸ்ட்ராவின்ஸ்கி. காரணம், அந்தப் பின்னணியில் பொருள்கள் அதிகமில்லை. வெறுமையான சுவர், கறுப்பு மூடி, அவ்வளவே. அந்த மூடியும் அவர் யார் என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆக, முகத்துக்கு எத்தனை சதவீதம், பின்னணிக்கு எத்தனை சதவீதம் என்று சூத்திரம் தேடிப் பயனில்லை. பின்னால் இருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இது இந்தப் படத்தில் என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்பதுதான் வழி. பதில் இருந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் அங்கே ஏராளம். அதனால் லாட்ஜ், ஓட்டல் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இந்தியும் சேர்ந்திருக்கும். அங்கே ஒரு மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கையையும் கிளாஸையும் நடுவில் நீளும் டீயையும் மட்டும் நெருங்கி எடுத்தால் படம் அழகாகத்தான் வரும், ஆனால் அது தேனியிலும் எடுத்திருக்கலாம், திருச்சியிலும் எடுத்திருக்கலாம். தெரு முழுவதையும் எடுத்தால் ஆட்டோ, தள்ளுவண்டி, சூட்கேஸ் இழுத்துப் போகிறவர்கள் என்று எல்லாம் நிறைந்து மாஸ்டர் காணாமல் போவார். அவர் தலைக்குமேல் தொங்கும் பலகையில் வங்காள எழுத்து நாலைந்து தெரியும் அளவுக்கு மட்டும் மேலே இடம் விட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு டீக்கடைக்கு மேல் வங்காளப் பலகை. வேலூரை அறிந்தவர் யாராக இருந்தாலும் அது எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். பலகை முழுவதும்கூட வேண்டாம், பாதி போதும். (அதே தெருவில் ஒரு கவனம்: நோயாளிகளின் முகம் நம் படத்துக்குப் பின்னணியாக இருக்கக் கூடாது. அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள், அல்லது கோணத்தை மாற்றுங்கள்.)

சில சமயம் சேதியே பின்னணியில்தான் இருக்கும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் அதில் கரைபுரண்டு வெள்ளம் வந்தபோது பார்க்கக் கூட்டம் கூடியது. செம்மண் நிறத்தில் சுழித்தோடும் தண்ணீரை மட்டும் நெருங்கி எடுத்தால் அது எந்த ஆறு என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் எவ்வளவு உயரம் என்றும் தெரியாது. பாலத்தின் தூண் ஒன்று, மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கும் சனம், இந்த இரண்டும் படத்துக்குள் வந்தால்தான் விஷயம் விளங்கும். தூண் தண்ணீரின் உயரத்தைச் சொல்லும். பாலாற்றில் தண்ணீர் வந்ததே ஒரு சேதி என்பதை எட்டிப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இந்த மாதிரி இடங்களில் தாராளமாக அகலமாக எடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

நடப்பது வேறு, ஜூம் செய்வது வேறு

புதிதாகப் படம் எடுக்கிறவர்களைக் குழப்பும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘கிட்டே போகச் சோம்பல், ஜூம் செய்துவிட்டேன்’ என்கிறோம். ஆள் பெரிதாவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்னணியைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்.

பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா, பெரிய கேமராவின் 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ ஈடானது. போனைப் படுக்கையாகப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறதோ அதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு அகலத்தை அது படத்துக்குள் கொண்டுவரும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் 15 மீட்டர் அகலம் தெரியும். மூன்று மடங்கு ஜூம் செய்தால் இது மூன்றில் ஒரு பங்காகிவிடும்: 10 மீட்டர் தள்ளி 5 மீட்டர்தான் தெரியும்.

இந்தக் கணக்கைக் கோட்டைக்கு எதிரே போட்டுப் பார்ப்போம். உங்கள் தங்கை அகழிக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். மதில் அவளுக்குப் பின்னால் 60 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூம் இல்லாமல் 2 மீட்டரில் நின்று எடுக்கிறீர்கள். அவள் நிற்கும் இடத்தில் 3 மீட்டர் அகலம் படத்தில் விழும். மதில் உங்களிடமிருந்து 62 மீட்டர், ஆகவே அங்கே 93 மீட்டர் அகலம் விழும். இப்போது அவளிடமிருந்து 6 மீட்டர் தூரம் வரும்வரை பின்னால் போய் மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். அவள் நிற்கும் இடத்தில் அதே 3 மீட்டர்தான். அவள் அளவு துளியும் மாறவில்லை. மதிலிலோ 66 மீட்டரில் பாதி, அதாவது 33 மீட்டர்தான் தெரியும்.

தங்கை அதே தங்கை. ஆனால் முதல் படத்தில் பின்னணி 93 மீட்டர், இரண்டாவதில் 33 மீட்டர். அதே இடத்துக்குள் குறைவான மதில் விழுவதால் அது ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். முதல் படத்தில் தூரத்துக் கோடாக இருந்தது, இரண்டாவதில் கல் கல்லாக அவள் தோளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். கூடவே மதிலின் இரு பக்கமும் இருந்த மரம், விளக்குக் கம்பம், கடை எல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

நிறைய இடம் காட்ட வேண்டுமா? ஜூம் இல்லாமல் ஆளை நெருங்குங்கள். கொஞ்சம் இடத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டுமா? பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும் பாறைக் குன்றுகளை ஆளுக்குப் பின்னால் பிரம்மாண்டமாகக் காட்டுகிறவர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். மாயம் ஒன்றுமில்லை. தூரத்தை இழுத்துக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் மூன்று மடங்கு ஜூம் என்பது நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதனால் நுணுக்கம் கொஞ்சம் குறையும். பின்னணியின் அகலக் கணக்கு மட்டும் மாறாது.

இந்தக் கணக்கிலிருந்தே முதலில் சொன்ன அத்தை படத்துக்கும் வழி கிடைத்துவிடுகிறது. கோட்டை முழுசாக வேண்டுமென்றால் நீங்கள் பின்னால் போனது சரிதான். ஆனால் அத்தையை அங்கேயே விட்டுவிட்டு ஏன் போனீர்கள்? ‘அத்தை, என்கூடவே வாங்க’ என்று கூட்டிக்கொண்டு வந்து, உங்களிடமிருந்து இரண்டடி, மூன்றடி தூரத்தில் ஓரமாக நிறுத்துங்கள். கோட்டையும் முழுசாக வரும், அத்தையும் இடுப்புக்கு மேலே தெளிவாக வருவார். சின்னத்தின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றால்தான் அங்கே போனதற்கு அத்தாட்சி என்ற நினைப்பு நம்மவர்களுக்கு எப்படியோ வந்துவிட்டது.

குடியாத்தத்தில் ஒரு தறி

கைலி நெசவுக்குப் பேர்போன குடியாத்தத்தில், வீட்டுக்குள் இருக்கும் குழித்தறி ஒன்றைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே பாவு, அதாவது நீளவாக்கு நூல்கள், இழுத்துக் கட்டியிருக்கிறது. வெளிச்சம் பக்கத்து ஜன்னலிலிருந்தும் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்தும் வருகிறது. மற்ற இடமெல்லாம் இருட்டு.

மிக நெருங்கிப் போனால் கை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா, பாதி நெய்த கட்டம் போட்ட துணி. நூல் இழை இழையாகத் தெரியும். தொழிலின் நுணுக்கத்தைக் காட்ட இது போதும், மனிதர் யாரென்று காட்டாது.

இரண்டு எட்டு பின்னால் வந்து பக்கவாட்டில் நின்றால் மனிதர் இடுப்புக்கு மேலே வருவார். அவர் கையிலிருந்து கிளம்பும் பாவு படத்தின் மறு ஓரம்வரை நூற்றுக்கணக்கான கோடுகளாக ஓடும். இந்த இடத்தில் பின்னணி தானாகவே நம் கண்ணை அவரிடம் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். எல்லாக் கோடுகளும் முடிவது அவர் கையில்தானே. என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இங்கே நின்று எடுத்தால் போதும்.

வாசற்படிக்கே வந்துவிட்டால் அறை முழுசும் தெரியும்: கட்டில், ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பை, ஜவுளிக்கடைக் காலண்டர், டிவி, கொடியில் துணி. இதைக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. தொழிலும் குடித்தனமும் ஒரே அறையில் என்பதுதான் நீங்கள் சொல்ல வரும் கதை என்றால் கட்டிலும் பையும் கட்டாயம் வேண்டும். ஒரு மனிதரின் கைத்திறன்தான் கதை என்றால் டிவி வரக் கூடாது. அதே அறை, அதே ஆள். மாறியது கதை, அதற்கேற்ப மாறுகிறது பின்னணி. ஷட்டரை அழுத்துமுன் ‘இந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி சொல்’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்த வரியில் இடம்பெறாத பொருள் எதுவோ அதுதான் வெளியே போக வேண்டியது.

இரண்டாவதாகச் சொன்ன அந்தப் பக்கவாட்டு இடத்தில் நின்று எடுக்கும்போதுகூட அவர் தலைக்கு நேர் பின்னால் ஸ்விட்ச்போர்டு வந்து நிற்கும். அதற்காகப் பின்னணியையே ஒழிக்க வேண்டாம். அரை எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் அது தறிமரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆள் கிட்டே இருப்பதாலும் பின்னணி தள்ளி இருப்பதாலும் நாம் சிறிது நகர்ந்தாலே பின்னணி வெகுவாக இடம் மாறும். காசில்லாத உத்தி, ஆனால் பலருக்கும் நகரத் தோன்றுவதில்லை.

மங்கலாக்கினால் போய்விடுமா?

‘போர்ட்ரெய்ட் மோட் இருக்கிறதே, பின்னணியை மங்கலாக்கிவிட்டால் ஆயிற்று’ என்று கேட்கலாம். மங்கலாக்குவதும் அகற்றுவதும் ஒன்றல்ல. பின்னால் இருக்கும் சிவப்பு ஃப்ளெக்ஸ் பேனர் மங்கலான பின்னும் சிவப்பாகவேதான் இருக்கும். எழுத்து படிக்க முடியாது, ஆனால் கண் அங்கே போகும். முகத்தைவிடப் பளிச்சென்று இருக்கும் எதுவும், எவ்வளவு மங்கினாலும், முகத்தோடு போட்டி போடும்.

பெரிய கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 போன்ற, துவாரம் அகலமாகத் திறக்கும் லென்ஸைப் போட்டு ஆளை நெருங்கினால் மங்கல் இயல்பாக வருகிறது. போனின் முதன்மை லென்ஸுக்கு உண்மையான குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரும் சிறிது. அதனால் ஆளும் பின்னணியும் கிட்டத்தட்ட ஒரே தெளிவில் வந்துவிடும். போர்ட்ரெய்ட் மோட் அதற்குப் பிறகு கணக்குப் போட்டு மங்கலைப் பூசுகிறது. கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பாருங்கள். எது பூ, எது பின்னணி என்று போனுக்குப் பிடிபடாமல் சரத்தில் பாதியைக் கரைத்திருக்கும். சுருட்டை முடி, மூக்குக்கண்ணாடி ஓரம், ஊஞ்சல் சங்கிலி எல்லாம் இதே கதைதான்.

கல்யாண ஆல்பங்களில் இந்த மங்கல் மோகம் முற்றிப்போய்விட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் எண்ணெய் ஊற்றியது போன்ற ஒரு வண்ணக் குழம்பின் முன் நிற்கிறார்கள். மண்டபம் காட்பாடியா கோயம்புத்தூரா என்று தெரியாது. இருபது வருஷம் கழித்துப் பழைய ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் மணமக்களை ஒரு தரம் பார்த்துவிட்டு நேராகப் பின்வரிசைக்குத்தான் போகிறார்கள். ‘இது யாரு, பெரியப்பாவா? அப்போ இவ்ளோ முடியா!’ என்பதுதான் பேச்சே. பின்வரிசை மனிதர்கள், சுவரில் எழுதிய விலை, வாசல் திண்ணை, அந்தக் காலத்து பஸ்சின் பெயர்ப்பலகை என்று பின்னணிக்கு மதிப்பு நாளாக நாளாகத்தான் ஏறும். குடும்ப விசேஷங்களில் சில படங்களையாவது மங்கல் போடாமல் எடுத்து வையுங்கள்.

வானத்தை எவ்வளவு விடலாம்?

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் நீலமாக இருக்காது, வெளுத்துப் போயிருக்கும். அந்த வெள்ளை, பின்னணியில் அதிகம் வர வர, கேமரா ‘இங்கே ரொம்ப வெளிச்சம்’ என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகம் கறுத்துப்போவது இதனால்தான். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றலாம், ஆனால் அப்போது வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அதைவிட வானத்தையே குறைத்துவிடுவது சுலபம். போனைத் தலைக்குமேல் உயர்த்தி லேசாகக் கீழ்நோக்கிப் பிடித்தால் வானம் போய்த் தரை வரும். கோட்டைப் புல்வெளியோ ஆற்று மணலோ ஒரே நிறமாக இருப்பதால் அமைதியான பின்னணியாகவும் இருக்கும்.

காலை ஆறரைக்கோ மாலை ஐந்தரைக்குப் பிறகோ கதை தலைகீழ். வானத்தில் நிறம் இருக்கும், அப்போது உட்கார்ந்து கீழிருந்து எடுங்கள். கம்பி, பேனர், பைக் எல்லாம் ஆளுக்குப் பின்னால் கீழே இறங்கிவிடும், மேலே வெறும் வானம். பாலாற்று மணலில் ஆடு ஓட்டிப் போகிறவரைப் படத்தின் பத்தில் ஒரு பங்காகக் கீழ் மூலையில் வைத்து, மீதியை மணலுக்கும் வானத்துக்கும் விட்டாலும் படம் நிற்கும். ஆள் சிறிதாக இருப்பதே அங்கே சொல்ல வந்த விஷயம். எல்லாப் படத்திலும் ஆள் பெரிதாக இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு முடிவுக்கு வர முடியவில்லையென்றால் கொஞ்சம் அகலமாகவே எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். நியூமனும் அந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தை எடுத்தபடியே விடவில்லை, ஓரங்களை வெட்டித்தான் இறுதி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 12 மெகாபிக்சல் போன் படம் ஏறத்தாழ 4000-க்கு 3000 புள்ளிகள். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினாலும் 2000-க்கு 1500 மிஞ்சும். 6×4 அங்குல பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 1800-க்கு 1200 போதும். அதற்கு மேல் வெட்டினால் பிரிண்டில் சொரசொரப்பு தெரிய ஆரம்பிக்கும். வெட்டிக் குறைக்கலாம், ஆனால் எடுக்காமல் விட்ட வங்காளப் பலகையைப் பிறகு கொண்டுவந்து ஒட்ட முடியாது. அதனால் சந்தேகம் என்றால் அகலத்தின் பக்கம் சாயுங்கள்.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் படம் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும், 6×4 தாளோ 3-க்கு 2. தாள் நிறைய வேண்டுமென்றால் படுக்கைப் படத்தில் மேலும் கீழுமாக உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே தீரும். தலைக்குமேல் ஒரு விரல் இடம்கூட விடாமல் எடுத்திருந்தால் ஸ்டுடியோக்காரர் உச்சந்தலையைத்தான் வெட்டுவார். எங்கே வெட்ட வேண்டும் என்று கூடவே நின்று சொல்லிவிட்டு வாருங்கள், அல்லது வீட்டிலேயே 3-க்கு 2 ஆக வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.